ஆலாத்தி எடுத்த நீல ஜீப்

பின்சீட்டின் நடு இடம் மட்டும் நனைந்திருந்தது. கண்ணாடிகள் நான்கும் ஏற்றித்தான் இருந்தன, இரவு மழையும் பெய்யவில்லை. கம்சாயினி உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். மெத்தைக்குள்ளிருந்து குளிர்ந்த தண்ணீர் விரல் இடுக்குகளில் ஏறி வந்தது. மோந்து பார்த்தாள். முன்கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சை அட்டையின் வாசத்துக்கு அடியில், வாவிக் கரையில் உப்புத் தண்ணீருக்குள் நிற்கும் கண்ணா மரங்களின் வேரடிச் சேறு மணத்தது.

“விதுர்ஷா, தண்ணிப் போத்தல இதுக்குள்ள ஊத்தினியா?”

“இல்லம்மா.” மகள் புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்தபடி கதவோரம் நின்றாள். “நான் நடுவுல இரிக்கிறதேயில்ல. ஓரத்துலதான் இரிக்கிறன்.”

கம்சாயினிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த நீல ஜீப் முற்றத்துக்கு வந்த நாளிலிருந்து அவளுக்குக் கோபம் ஆறவே இல்லை. பழைய துணி ஒன்றை நான்காய் மடித்து, அந்த ஈரத்தின் மேல் அறைவது போல் போட்டாள்.

அவள் மிருக வைத்தியர். வீடு நாவற்குடாவில், வேலை வாவிக்கு அக்கரையில் படுவான்கரையில். வலையிறவுப் பாலம் தாண்டினால் கொஞ்சத் தூரம் தார், பிறகு கிறவல் மண், அதற்குப் பிறகு வயல் வட்டைகளுக்கு நடுவே சேறும் வரம்பும். மாரி தொடங்கிவிட்டால் மாட்டுப் பட்டிகளுக்கு மோட்டார் சைக்கிளில் போக முடியாது. அதே வாகனத்தில் காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்க வேண்டும், சந்தையடியில் இடுக்குப் பார்த்து நிறுத்த வேண்டும். சேற்றுக்கும் தாருக்கும் பொதுவாக ஒரு பாவித்த ஜீப். அவள் கேட்டது அவ்வளவுதான்.

இரண்டு அகப்பட்டன. ஒன்று, காத்தான்குடியில் றஸீனா டீச்சரின் வெள்ளை ஜீப். சின்னது, பழசு. ஏசி பேருக்குத்தான், தாரில் ஆளைக் குலுக்கி எடுத்துவிடும். ஆனால் வயிறு நிலத்திலிருந்து நல்ல உயரம், மெலிந்த சில்லு, சின்னக் கியர்த் தடியைப் போட்டால் நாலு சில்லும் சேற்றைக் கிழித்துக்கொண்டு ஏறும். ஒரே ஆளின் கையில் ஓடியது. மாட்டை வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல, கம்சாயினி அதன் அடியில் படுத்து இரும்பைத் தட்டிப் பார்த்திருந்தாள். துருக் கறள் இல்லை. அவள் மனம் அங்கேயே முடிவாகிவிட்டது.

மற்றது இந்த நீலம். தன்னாமுனையில் உதயரூபன் வைத்திருந்தது. உதயரூபன் அவள் புருஷன் சுதாகரனின் அக்காவைக் கட்டியவர். பாவித்த வாகனங்களை வாங்கி, பூசி மெழுகி விற்பார். அகலமான சீட், வழவழவென்ற ஓட்டம், உள்ளே ஏறினால் ஆஸ்பத்திரிக் குளிர். சில்லுகளோ தாருக்கென்றே செய்த வழுக்கைச் சில்லுகள்.

“வெள்ளை ஜீப் பழைய தகரம்,” என்று, வேலை பார்க்கும் தோகாவிலிருந்து வீடியோவில் சொன்னான் சுதாகரன். “நீலத்த எடு. ஒரு டொக்டர் இறங்கினா மரியாதையா இரிக்க வேணும்.”

“நான் இறங்கிறது சாணத்துக்குள்ள. அங்க ஆருக்குக் காட்டுற மரியாத?”

“அத்தான் நமக்கெண்டு வச்சிருக்கார். ஒரு கிழமை ஓடிப் பாரு, பிறகு சொல்லு.”

சேற்றில் ஓட்டப் போகிறவள் இவள். பாலைவனத்தில் இருந்துகொண்டு தெரிவு செய்கிறவன் அவன். வாங்கவே இல்லை, அதற்குள் ஞாயிற்றுக்கிழமை உதயரூபன் ஜீப்பைக் கொண்டுவந்து வாசல் படலையடியில் நிறுத்தியபோது, ஆலாத்தி எடுத்து உள்ளே அழை என்றும் போனிலிருந்து கட்டளை வந்தது.

இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. தாய் மகளுக்கு எழுதுவாள், ஆண் வந்து இருப்பான். அதனால் வாசலில் வாங்கோ என்று சொல்லும் சொல்லும் வீட்டுக்காரியுடையது. ஆலாத்தி எடுத்து அவள் அழைத்தவர்களை, பிறகு போ என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. மாப்பிள்ளையானாலும் சரி, மாடானாலும் சரி. கம்சாயினி மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர்த் தட்டில் திரியைக் கொளுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றினாள். போனைப் பிடித்திருந்த விதுர்ஷாவின் கையில் சுதாகரன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைக் கண்டதும் அவளுக்கு நாக்கு நிற்கவில்லை.

“வாங்க,” என்றாள், ஜீப்பின் கறுத்த பின்கண்ணாடியைப் பார்த்து. “எல்லாரும் உள்ளுக்கு வாங்க. ஒருத்தரும் வெளியில நிக்க வேணாம். இனி இது உங்கட வீடுதான்.”

சுதாகரனுக்கும் அவன் ஆட்களுக்கும் உறைக்கட்டும் என்றுதான் சொன்னாள். உதயரூபனின் முகம்தான் செத்துப் போனது. அவர் ஜீப்பின் பின்கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தேத்தண்ணியும் குடிக்காமல் ஜீப்பின் திறப்பை அவள் கையில் திணித்துவிட்டு நடந்தே சந்திக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் இந்த ஈரம்.

பள்ளிக்கூடம் போகும் வழியில் அவள் நடுக் கண்ணாடியில் பார்த்தாள். விதுர்ஷா கதவோடு ஒட்டி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு பேருக்கு இடம் கிடந்தது. கன்னங்கள் இரண்டும் உப்பியிருந்தன, கண்கள் பிதுங்கியிருந்தன, முகம் சிவந்துகொண்டே போனது. கம்சாயினி பிரேக்கை மிதித்தாள்.

“என்ன செய்றாய் நீ?”

புஸ் என்று காற்று வெளியேறியது. “மூச்சுப் பிடிக்கிற விளையாட்டும்மா. நான்தான் எப்பவும் தோக்கிறன்.”

“தனிய விளையாடினா எப்பிடித் தோக்கிற?”

மகள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். பள்ளிக்கூட வாசலில் அவள் இறங்கி ஓடியபோது, வெள்ளைச் சட்டையின் ஒரு பக்கத் தோள் நனைந்திருந்ததை கம்சாயினி கண்டாள். ஏசித் தண்ணீர் ஒழுகுகிறது என்று உதயரூபனைத் திட்டிக்கொண்டாள். திட்டுவது வசதியாக இருந்தது.

வலையிறவுப் பாலத்தில் ஏறும்போது வானம் வாவியின் நிறத்துக்கு வந்துவிட்டது. காற்று நின்றுவிட்டது. தோணிகள் கரையில் கிடந்தன. பத்து மணிக்கே பின்னேரம் போல ஒரு வெளிச்சம். பாலம் தாண்டி, தார் முடிந்து, கிறவலில் சில்லு இறங்கியதும் மழை பெரிய சொட்டுகளாகக் கூரையில் விழத் தொடங்கியது. அந்தச் சத்தத்தோடு சத்தமாக வேறொன்றும் கேட்டது. டிங், டிங் என்று மெல்லிய மணி. முன்பலகையில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு எரிந்தது. பின்சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் எரிகிற விளக்கு.

துணியின் பாரம் என்று நினைத்தாள். அது எப்படி, பழைய துணி. இரண்டாவது விளக்கும் எரிந்தது. பிறகு மூன்றாவதும்.

“சனியன் பிடிச்ச வாகனம்,” என்று உரக்கச் சொன்னாள். தன் குரலையாவது கேட்க வேண்டும் போல் இருந்தது. வயர் பழுது. தண்ணீர் பட்டிருக்கிறது, அதை மறைத்திருக்கிறார்கள். ஏசியை நிறுத்தினாள். உள்ளே குளிர் குறையவில்லை. சேற்று மணம் இப்போது எலுமிச்சையை முழுதாக விழுங்கிவிட்டது. தொண்டையின் பின்பக்கத்தில் அதன் உப்புச் சுவையும் ஏறியது.

முன்னால் தாம்போதி தெரிந்தது. மாரியில் வெள்ளம் மேலே பாய்ந்து போகட்டும் என்று தாழக் கட்டிய கொங்கிறீட் பாதை அது. இரண்டு பக்கமும் கல்தூண்கள், அவற்றுக்கு அப்பால் புல் மூடிய தண்ணீர். இன்னும் வெள்ளம் வரவில்லை. கணுக்கால் அளவு தண்ணீர் குறுக்கே ஓடியது. அவள் வேகத்தைக் குறைத்தாள். முன்சில்லுகள் தண்ணீரைத் தொட்டன.

பின்னால், டக்.

ஒரு விளக்கு அணைந்தது.

டக். இரண்டாவதும் அணைந்தது.

மூன்றாவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. தெரியாத சின்னக் கை ஒன்று ஓட்டையைத் தேடித் தேடிக் குத்துவது போல, இரும்பு இரும்பில் உரசும் சத்தம். பிறகு, டக். மணி நின்றது. மழை மட்டும் கேட்டது.

நடுக் கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். சீட்டில் ஒருவரும் இல்லை. மூன்று பெல்ட்டுகளும் பூட்டியிருந்தன. வெறும் சீட்டில் பூட்டிய பெல்ட் தளர்ந்து கிடக்க வேண்டும். இவை விறைப்பாக, முன்னுக்கு வளைந்து நின்றன. நடுவில் இருந்தது உயரத்தில். இரண்டு பக்கத்திலும் இருந்தவை தாழ.

தாம்போதியைத் தாண்டி மேட்டில் நிறுத்திவிட்டுக் கீழே குதித்தாள். பயத்தின் மேலேயே கோபம் வந்தது. என்னை ஆரெண்டு நினைச்சிட்டானுகள். பின்கதவைத் திறந்தாள். மூன்று பெல்ட்டுகளும் கழன்று சுருண்டு தம் இடத்தில் தொங்கின. வெள்ளத்தில் கிடந்த வாகனத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி அவளுக்குத் தெரியும். சீட்டைக் கழுவுவார்கள், கம்பளத்தை மாற்றுவார்கள், பெல்ட்டின் சுருளுக்குள் இருப்பதை ஒருவரும் கழுவ மாட்டார்கள். ஓரத்துப் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். வந்தது. இன்னும் இழுத்தாள். கறுப்பு நாடா முடிந்து, காய்ந்த வாவிச் சேற்றின் மண்ணிறம் தொடங்கியது. அதற்கும் அப்பால், நாடாவின் விளிம்பு கிழிந்து நார் நாராக நின்றது.

அவள் குனிந்து பார்த்தாள். பல்லைப் பார்த்து வயது சொல்வது அவள் தொழில். எலி இல்லை, நாய் இல்லை. வரிசையாக, வட்டமாக, சின்னச் சின்னப் பள்ளங்கள். முன்னால் ஒரு பல்லின் இடம் விட்டுப் போயிருந்தது. பால்பல். விதுர்ஷாவுக்கும் இந்த மாதம்தான் முன்பல் விழுந்தது.

பெல்ட்டைக் கைவிட்டாள். அது உள்ளே ஓடிச் சுருண்டுகொண்டது.

பட்டிக்குப் போகவில்லை. ஜீப்பைத் திருப்பி வந்த வழியே ஓட்டினாள், பாலத்தைத் தாண்டி, நகரத்தைத் தாண்டி, தன்னாமுனை வரைக்கும் நடுக் கண்ணாடியை மேலே மடக்கிவிட்டு ஓட்டினாள். விளக்கு ஒன்றும் எரியவில்லை. பின்னால் எல்லாரும் ஒழுங்காகப் பெல்ட் போட்டிருந்தார்கள்.

உதயரூபன் கொட்டிலில் இருந்து எழுந்து வந்தார். அவள் திறப்பை அவர் நெஞ்சில் எறிந்தாள்.

“எத்தின பேர் இதுக்குள்ள செத்தது?”

“தங்கச்சி, முதல்ல இருங்க...”

“எத்தின பேரண்ணன்?”

அவர் நிலத்தைப் பார்த்தார். “தாயும் ரெண்டு பிள்ளையும். வெளியூர் ஆக்கள். போன மாரிக்குள்ள தாம்போதியில வெள்ளம் இழுத்துப் போட்டுது. முன்னுக்கு ஓட்டின ஆள் தப்பிட்டார். பின்னுக்கு பெல்ட் இறுகிட்டுது, கழட்ட ஏலாமப் போச்சு.” விழுந்த திறப்பைக் குனிந்து எடுத்தார். “எஞ்சின் நல்லம் தங்கச்சி. நான் முழுக்கக் கழுவினனான். பூசையும் போட்டனான்.”

“அவருக்குத் தெரியுமா?”

“சுதாகரனுக்குச் சொன்னனான். உங்களுக்குச் சொல்ல வேணாமெண்டவர்.” பிறகு, அவளைப் பார்க்காமலே, “நீங்க ஆலாத்தி எடுக்கக்குள்ள சொல்லத்தான் பாத்தன். எல்லாரும் உள்ளுக்கு வாங்க எண்டு நீங்க சொன்னோன எனக்கு வாய் கட்டிட்டுது. வீட்டுக்காரி நீங்க. உங்கட வாயால சொல்லிட்டீங்க.”

அவரை அடித்துவிடுவாள் போல் இருந்தது. அடிக்கவில்லை. திரும்பினாள். அப்போது ஆளில்லாத ஜீப்பின் பின்பக்கம் மெல்ல உயர்ந்தது. பாரம் இறங்கினால் உயருமே, அப்படி. ஒரு தரம் நன்றாக. பிறகு கொஞ்சமாக இரண்டு தரம்.

அவள் ரோட்டுக்கு ஓடினாள். வந்த ஆட்டோவை மறித்து ஏறினாள். ஆட்டோக்காரன் இரண்டு தரம் எட்டி வெளியே தலையை நீட்டிப் பின்சில்லைப் பார்த்தான்.

“காத்துக் குறைஞ்சிட்டு போல. இழுக்குதில்ல அக்கா.”

“நீங்க ஓடுங்க தம்பி.”

சுதாகரனுக்குப் போன் அடித்தாள். அவன் எடுத்ததும் அவள் கத்தினாள். அவளுக்கே தெரியாத வார்த்தைகள் எல்லாம் வந்தன. “தெரிஞ்சிக்கிட்டே எண்ட பிள்ளைய அதுக்குள்ள இருத்தினீங்க. மரியாதையாம் மரியாத.”

“செத்த ஆக்கள் எல்லா வாகனத்துலயும் ஏறி இறங்கினவங்கதான், கம்சா. நீ படிச்சவள்...”

போனை வைத்தாள். முடிந்தது. நீலம் போய்விட்டது, இனி வெள்ளை. தகரமோ குப்பையோ, அதில் ஒரு டீச்சர் தன் பிள்ளைகளை உயிரோடு ஏற்றி இறக்கியிருக்கிறாள். றஸீனாவுக்கு அடித்து, நாளைக்கு வந்து எடுக்கிறேன் என்றாள். “அல்ஹம்துலில்லாஹ், வாங்க டொக்டர், கழுவி வெக்கிறன்,” என்றது அந்தக் குரல். அந்தச் சாதாரணக் குரலில் அவளுக்கு அழுகை வந்தது. மழை ஆட்டோவின் தறப்பாள் கூரையில் அடித்தது. அவள் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். ஏன் ஓரத்தில் உட்கார்ந்தோம் என்று கல்லடிப் பாலத்தில்தான் யோசித்தாள். பக்கத்தில் சீட் வெறுமையாகக் கிடந்தது. சேற்று மணம். அவள் உடுப்பில் ஒட்டியிருக்கும். உடுப்பில்தான்.

வீட்டில், பள்ளிக்கூடத்திலிருந்து விதுர்ஷாவைக் கூட்டிவந்த பக்கத்து வீட்டுக் கண்ணகை படலையில் நின்றாள். “பிள்ளை சாப்பிட்டிட்டு. டிவி பாக்குது.” குடையை விரித்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். கம்சாயினி படலையைச் சாத்தினாள். செருப்பைக் கழற்றினாள். உலர்ந்திருந்த சிவப்புச் சீமெந்துத் தரையில் அவள் வைத்த அடிகள் ஈரமாகப் பதிந்தன. அவளுக்கு முன்னால், ஏற்கெனவே உள்ளே போயிருந்த அடிகளும் பதிந்திருந்தன. ஒரு பெரிய சோடி, இரண்டு சின்னச் சோடி.

டிவி ஓடவில்லை.

விதுர்ஷா சோபாவின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து. அசையாமல். மீதி இடத்தில் மெத்தை மூன்று இடத்தில் பள்ளமாக அமிழ்ந்திருந்தது. மகளின் வெள்ளைச் சட்டையில், தோளிலிருந்து இடுப்புவரை சரிவாக ஒரு ஈரப் பட்டை.

“விதுர்ஷா. எழும்பு. அம்மாட்ட வா.”

“ஏலாதும்மா. இறுகிட்டுது.”

ஓடிப்போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். பிள்ளை வரவில்லை. சோபாவே அசைந்தது, பிள்ளை வரவில்லை. அந்த ஈரப் பட்டையில் விரலை விட்டுப் பிடுங்கினாள். விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை, சேறு மட்டும் நகத்தில் ஏறியது.

சோபாவுக்குப் பின்னால், போன சித்திரைக்குப் பூசிய வெள்ளைச் சுவரில், மண்ணிறமாக ஒரு கோடு. அறையின் நான்கு பக்கமும் ஒரே மட்டத்தில். பெல்ட்டின் சுருளுக்குள் கண்ட அதே நிறம். கோடு மகளின் இடுப்பளவில் நின்றது.

கம்சாயினி அந்த மூன்று பள்ளங்களையும் பார்த்தாள். தன் வீட்டில், தன் வாசலில், விளக்கும் தட்டுமாக நின்று தன் வாயால் அழைத்தவர்கள். சொல்லக் கூடாத அந்தச் சொல்லைத் தொண்டையிலிருந்து பிடுங்கிச் சொன்னாள்.

“போங்க.”

ஒன்றும் அசையவில்லை.

“இது எண்ட வீடு. எண்ட பிள்ளை. போங்க.”

டக்.

கோடு நெஞ்சுக்கு ஏறியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோளைத் தாண்டியது. கழுத்தை. அறை காய்ந்துதான் இருந்தது, காற்றாடி மெல்லச் சுற்றியது, வெளியே மழை விட்டிருந்தது. கோடு நாடியைத் தொட்டது.

விதுர்ஷா தாயைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் திரும்பி, தன் உயரத்துக்கு இருந்த எதையோ பார்த்துத் தலையாட்டினாள். வாயை அகலத் திறந்து ஒரு பெரிய மூச்சை இழுத்து, கன்னம் இரண்டும் உப்ப அடக்கிக்கொண்டாள்.